250 ரூபாய் காகிதமும் ஒன் ரூம் கிச்சனும்

"மாட்டுங்கா கிழக்கு, ஸ்டேஷன் பக்கம், ஒன் ரூம் கிச்சன், செல்ஃப் கண்டெய்ன்ட், சொசைட்டி பில்டிங், விற்பனைக்கு." மும்பையில் வீடு தேடிய தமிழர்கள் எல்லோரும் இப்படி ஒரு வரியையாவது படித்திருப்போம். ஒரு கூடம், ஒரு சமையலறை, உள்ளேயே குளியலறை, கழிப்பறை. வெளிநாட்டில் ஸ்டுடியோ அபார்ட்மெண்ட் என்பார்கள், இங்கே ஒன் ஆர்.கே. விலையைக் கேட்டுத் தலைசுற்றி உட்காரும் நாம், அந்த வரியில் உள்ள 'சொசைட்டி' என்ற சொல்லைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

பெரும்பாலான மும்பை சொசைட்டிகளில், சட்டப்படி நிலமும் கட்டடமும் சொசைட்டிக்குச் சொந்தம். உங்களுக்குக் கிடைப்பது சில பங்குகள்; அந்தப் பங்குகளோடு ஒட்டிக்கொண்டு வரும் குடியிருக்கும் உரிமை. பழைய கட்டடங்களின் ஷேர் சர்டிபிகேட்டை எடுத்துப் பாருங்கள். 50 ரூபாய் வீதம் 5 பங்குகள், ஆக மொத்தம் 250 ரூபாய் என்று போட்டிருக்கும். ஆயுள் முழுக்கக் கடன் கட்டி வாங்கிய வீட்டுக்கு அத்தாட்சி இந்த 250 ரூபாய் காகிதம்! இந்த விநோதம் எப்படி வந்தது?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. ஒரே அறையில் ஒரு குடும்பம், தாழ்வாரக் கோடியில் எல்லோருக்கும் பொதுவாகக் கழிப்பறை என்று இருந்த சால்களில் நோய் புகுந்து விளையாடியது. 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் அமைக்கப்பட்டது. நெரிசலான பகுதிகளை இடித்து, சாலைகள் போட்டு, காம்தேவி, தாதர், மாட்டுங்கா போன்ற இடங்களில் மனைகளைப் பிரித்துக் குத்தகைக்கு விட்டார்கள். மனை இருந்தது. ஆனால் மாதச் சம்பளக்கார குமாஸ்தா தனியாளாக மனை எடுத்துக் கட்டடம் கட்ட முடியுமா?

பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். ஆனால் அதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1904-ஆம் வருடத்துக் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே. மைசூர் சமஸ்தானம் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்ததால், பெங்களூரில் 1909-லேயே ஒரு வீட்டுக் கூட்டுறவு சங்கம் வந்துவிட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1912-ல் வந்த சட்டம்தான் மற்ற வகைச் சங்கங்களுக்கும் கதவைத் திறந்தது. 1915-ல் காம்தேவியில் சரஸ்வத் கோ-ஆபரேட்டிவ் ஹவுசிங் சொசைட்டி பதிவானது.

அதை நடத்திக் காட்டியவர் ராவ் பகதூர் ஸ்ரீபாத் சுப்பராவ் தல்மகி. 1906-ல் ஷாம்ராவ் விட்டல் கூட்டுறவு வங்கியைத் தொடங்கியவரும் இவரே. இவருடைய சமூகமான சித்ராபூர் சரஸ்வதர்கள் கனரா கடற்கரையிலிருந்து பிழைப்புக்காகப் பம்பாய் வந்தவர்கள். நம்மைப் போல வந்தேறிகள்! நிலமும் கட்டடமும் சங்கத்துக்கு, உறுப்பினர் அதில் குடியிருப்பவர் என்ற ஏற்பாட்டை அவர்கள் கைக்கொண்டார்கள். ஒருவர் கிளம்பினால் வீட்டை ஊரிலுள்ள யாருக்கோ விற்றுவிட்டுப் போக முடியாது; அடுத்து வருபவரைச் சங்கம் ஏற்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த வருடமே, 1916-ல், நியூயார்க்கின் புரூக்ளினில் பின்லாந்திலிருந்து குடியேறியவர்கள் ஏறக்குறைய இதே வழியில் கூட்டுறவு அடுக்ககம் கட்டிக்கொண்டார்கள். அந்த ஊர்க் கோ-ஆப் ஸ்டுடியோக்களிலும் இன்றுவரை வாங்குபவர் கைக்கு வருவது பங்குகள்தான். வாடகைக்குத் தவித்த வெளியூர்க்காரர்களின் யோசனை எங்கும் ஒன்றுபோல ஓடியிருக்கிறது.

நம்மவர்கள்? மாட்டுங்காவுக்கு வந்த தமிழர்கள், டைப்பிஸ்டுகளும் குமாஸ்தாக்களும் ரயில்வேக்காரர்களும், 1932-ல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியைத் தொடங்கிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். வீட்டு விஷயத்தில் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள்தான். 1947-ஆம் வருடத்து வாடகைச் சட்டம் வாடகைகளை 1940 அளவிலேயே கட்டிப்போட்டது. உள்ளே இருந்தவர்களுக்கு யோகம். ஆனால் புதிதாக வாடகைக் கட்டடம் கட்ட யாருக்கும் மனசு வரவில்லை. இருந்த வாடகை வீடுகள் 'பகடி' என்ற மொத்தப் பணத்துக்குக் கைமாறின. பின்னால் வந்தவர்களுக்கு 'ஓனர்ஷிப் ஃப்ளாட்' வாங்குவதே வழியானது. செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று நம்மவர்கள் நகர்ந்த கதையில் இதற்கும் பங்கு உண்டு.

இங்கேதான் கதை திரும்புகிறது. தல்மகி காலத்தில் ஆட்கள் முதலில் சேர்ந்தார்கள், பிறகு கட்டடம் எழுந்தது. இப்போது பில்டர் கட்டி விற்றார், வாங்கியவர்கள் பிறகு சங்கமானார்கள். பில்டர்களின் தில்லுமுல்லு பொறுக்காமல் 1963-ல் மகாராஷ்டிரா ஓனர்ஷிப் ஃப்ளாட்ஸ் சட்டம் வந்தது. சொசைட்டி அமைந்த நான்கு மாதத்தில் நிலத்தை அதன் பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி. பலர் கொடுக்கவே இல்லை. 2008-ல் திருத்தம் செய்து, பில்டர் கையெழுத்துப் போடாவிட்டாலும் சொசைட்டியே விண்ணப்பித்து 'டீம்ட் கன்வேயன்ஸ்' பெற வழி செய்தார்கள். எனவே மறுகட்டுமானப் பேச்சு வரும்போது முதல் கேள்வி, நிலம் யார் பெயரில் என்பதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. உறுப்பினரைச் சங்கம் ஏற்க வேண்டும் என்ற அந்தப் பழைய விதி. இடம் கிடைக்காத வெளியூர்க்காரர்கள் தங்களுக்கென்று போட்டுக்கொண்ட வேலி அது. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டும் என்று இருந்த ஒரு சொசைட்டியின் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரச் சட்டமோ தகுந்த காரணமில்லாமல் உறுப்பினராக மறுக்கக் கூடாது என்கிறது. விண்ணப்பித்து மூன்று மாதத்தில் பதில் வராவிட்டால் சேர்ந்ததாகவே கணக்கு. ஆனால் ஏட்டில் இருப்பது ஒன்று, சொசைட்டி ஆபீசில் நடப்பது வேறு. முஸ்லிமா, தனியாளா, மீன் சமைப்பவரா என்று பார்த்து முதலிலேயே பேச்சை முடித்துவிடுவார்கள். 1966-ல் சிவசேனா தொடங்கிய புதிதில் 'மதராஸி'களை விரட்டு என்று கோஷம் கேட்ட ஊர் இது. அன்றைக்கு வேலிக்கு வெளியே நின்றவர்களின் பிள்ளைகள் இன்று மேனேஜிங் கமிட்டியில் உட்கார்ந்து 'வெஜிடேரியன் ஒன்லி' என்று சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

கடைசியாக, அப்பா அம்மாவின் மும்பை வீட்டைத் தூரத்திலிருந்து கவனிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாமினி என்று பெயர் இருந்தால் வீடு அவருக்கே என்று பல குடும்பங்களில் நினைக்கிறார்கள். 2019 திருத்தத்தின்படி மகாராஷ்டிராவில் நாமினி தற்காலிக உறுப்பினர் மட்டுமே. வாரிசுகள் யார் என்று முடிவாகும்வரை காவலுக்கு இருப்பவர். ஆகவே உயிலும் நாமினேஷனும் ஒத்துப்போகின்றனவா என்று பெற்றோர் இருக்கும்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். பேசுவதற்கு முன் பீரோவில் அந்த 250 ரூபாய் காகிதம் இருக்கிறதா, அதில் யார் பெயர் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.