மாவுப்பூச்சியைத் தொடர்ந்து வந்த குளவி

பயிரைக் கெடுக்கும் பூச்சியையோ களையையோ அதன் இயற்கை எதிரியை விட்டு அடக்குவதற்கு உயிரியல் கட்டுப்பாடு என்று பெயர். தென்னிந்தியாவில் இதன் வரலாறு ஒரு தவறிலிருந்து தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி சிவப்புச் சாயம் தரும் காக்கினீல் பூச்சியை இந்தியாவில் வளர்க்க ஆசைப்பட்டது. அந்தப் பூச்சி சப்பாத்திக்கள்ளியில் வாழ்வது. 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்திறங்கியதோ அதே குடும்பத்தின் வேறோர் இனம். சாயத்துக்கு அது உதவவில்லை. ஆனால் கள்ளியின் சாற்றை உறிஞ்சிப் புதர் புதராக அழித்தது. 1836க்கும் 1838க்கும் இடையில் தெற்கே கொண்டுவரப்பட்டபோது, நிலங்களை அடைத்துக் கிடந்த ஒரு வகைக் கள்ளி பெரும் பரப்பில் மறைந்தது. அதற்கு அசையாத இன்னொரு வகைக் கள்ளியை ஒழிக்க, 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு காக்கினீல் இனம் வரவழைக்கப்பட்டது.

உயிரியல் கட்டுப்பாட்டை ஆய்வுமுறையாக நிலைநாட்டியது கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பஞ்சுச் செதில்பூச்சி 1880களில் அங்கே தோட்டம் தோட்டமாக மரங்களைச் சாய்த்தது. மரத்தைக் கூடாரம்போட்டு மூடி நச்சுப்புகை விட்டும் பூச்சி ஓயவில்லை. அது பிறந்த நாட்டில் ஏன் இவ்வளவு கேடு செய்யவில்லை என்ற கேள்விதான் வழி காட்டியது. அமெரிக்க வேளாண் துறையின் பூச்சியியல் தலைவர் சார்லஸ் ரைலி, 1888இல் ஆல்பர்ட் கோபெலை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். கோபெல் அனுப்பிவைத்த வெடாலியா பொறிவண்டுகள் முதல் சில தவணைகளில் மொத்தமே 129. லாஸ் ஏஞ்சலிஸில் கூடாரமிட்ட ஓர் ஆரஞ்சு மரத்தில் அவற்றை விட்டுப் பெருக்கினார்கள். 1889 ஜூனுக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டுகள் விவசாயிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் பூச்சி அடங்கியது. அரை நூற்றாண்டு கழித்து டி.டி.டி. தெளிக்கத் தொடங்கியபோது வண்டுகள் மடிந்தன, செதில்பூச்சி திரும்ப வந்தது. மருந்து பயிரின் காவலாளியையே கொல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே செதில்பூச்சி 1920களின் பிற்பகுதியில் நீலகிரியின் சீகை மரங்களில் தென்பட்டதும், அதே வண்டை வரவழைத்து விட்டார்கள். அங்கும் அது நிலைத்தது.

தமிழகத்தின் பெரிய சோதனை 2008 ஜூலையில் வந்தது. மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி, 1990களில் கரீபியன் தீவுகளையும் 2000க்குப் பிறகு பசிபிக் தீவுகளையும் தாண்டி வந்து கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இலை, காய், தண்டு என்று மரம் முழுதும் வெண்மாவு பூசியதுபோல் மூடிச் சாறு உறிஞ்சும். அது வடிக்கும் தேன் போன்ற கழிவில் கரும்பூஞ்சை படரும். அந்தத் தேனுக்காக எறும்புகள் பூச்சிக்குக் காவல் நிற்கும். பப்பாளியோடு அது நிற்கவில்லை; மல்பெரி, மரவள்ளி, கொய்யா, கத்தரி, பருத்தி, செம்பருத்தி, பார்த்தீனியம் எனப் பல செடிகளில் ஏறியது. சாலையோரக் களையே அதற்கு வழித்துணை ஆனது.

தெளித்த மருந்தெல்லாம் மெழுகுப் பூச்சில் வழிந்து ஓடியது. முட்டைகளோ பஞ்சுப் பைக்குள் பத்திரமாக இருந்தன. ஒரு பெண்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். தவிர, மருந்தடித்த மல்பெரி இலையைப் பட்டுப்புழுவுக்குப் போடவும் முடியாது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கங்களில் மல்பெரித் தோட்டங்களை வேரோடு பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. 1898இலேயே இந்தியாவுக்கு வந்திருந்த வேறோர் ஆஸ்திரேலியப் பொறிவண்டையும் விட்டுப் பார்த்தார்கள். உள்ளூரில் ஸ்பால்ஜிஸ் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு மாவுப்பூச்சியைத் தின்றது. பெருகும் வேகத்துக்கு இரண்டும் ஈடுகொடுக்கவில்லை.

பூச்சியின் தாயகத்திலேயே எதிரியைத் தேடும் வேலை ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. அமெரிக்க வேளாண் துறை போர்ட்டோரிக்கோவில் வளர்த்துவந்த மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் 2010இல் பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சிகள் பணியகத்துக்கு வந்தன. தனிமைக் காப்பில் வைத்து, பயனுள்ள பிற பூச்சிகளை அவை தாக்குவதில்லை என்று சோதித்தறிந்த பிறகே வெளியே விட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் முதல் விடுவிப்பு நடந்தது. மூன்றில் அதிகம் உழைத்தது அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி. உடல் நீளம் ஒரு மில்லிமீட்டரைத் தொடாது, மனிதரைக் கொட்டாது. இளம் மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். உள்ளே பொரிக்கும் புழு பூச்சியைத் தின்று கூடாக்கிவிட, சுமார் இரண்டு வாரத்தில் புதுக்குளவி துளையிட்டு வெளிவரும்.

ஆராய்ச்சி நிலையங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் குளவியைப் பெருக்கின. முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் குளவியை விட்டு எடுத்துத் தோட்டங்களுக்குக் கொடுத்தார்கள். கொடுத்ததைவிடக் கடினமானது விவசாயியை மருந்தடிக்காமல் பொறுத்திருக்கச் செய்தது. கண்முன்னே மரம் வெளுக்கும்போது கைகட்டி நிற்பது எளிதல்ல. ஆனால் பொறுத்த தோட்டங்களில் சில மாதங்களில் மாவு மறைந்தது. குளவி தானே அடுத்த தோட்டத்துக்கும் அடுத்த ஊருக்கும் பறந்து போனது. 2011க்குள் பூச்சி பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிட்டது. ஒருமுறை விட்டால் தானே பெருகும் இந்தத் தீர்வில் வணிகருக்கு விற்பனை இல்லை. அரசு ஆய்வகங்கள் இல்லாவிட்டால் இதை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

2020இல் இன்னொரு மாவுப்பூச்சி கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளியில் காணப்பட்டு, சேலம், நாமக்கல் வட்டார மரவள்ளிக் காடுகளுக்குப் பரவியது. சேகோ ஆலைகள் நம்பியிருக்கும் பயிர் அது. இந்தப் பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவைப் பஞ்சத்தின் விளிம்புக்குத் தள்ளியது. 1981இல் தென்னமெரிக்காவில் கண்டெடுத்த அனகைரஸ் லோபெசி குளவியை நைஜீரியாவில் விட்டு அதை அடக்கியதற்காகவே ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே குளவி பெனின் நாட்டிலிருந்து பெங்களூருவுக்கு வந்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விடப்பட்டது.