அரிக்கமேட்டு வரிமேட்டுக் கிண்ணம்: சூளைக் கண்ணாடியின் கருவித் தடங்களும் வரலாற்று வாசிப்பும்

முன்னுரை

பண்டைத் தமிழகத்துக்கும் உரோமானிய உலகுக்கும் இடையே நிலவிய வணிகத் தொடர்பை ஆராய்வோர் நாணயங்களையும் மதுச்சாடிகளையும் மட்கல ஓடுகளையுமே பெரிதும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்வர். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு இப்போக்கினை மேலும் வலுப்படுத்தியது. அதே மண்ணிலிருந்து கிடைத்த கண்ணாடித் துண்டுகளோ, மரியான் ஸ்டெர்ன் போன்ற சில அறிஞர்களின் ஆய்வுகளை விலக்கிப் பார்த்தால், ‘உரோமானியக் கண்ணாடி’ என்னும் ஒருவரிக் குறிப்போடு நின்றுவிடுகின்றன. அத்துண்டுகள் எங்கிருந்து வந்தன என்னும் வினாவுக்கு நாம் விடை கூறிவிட்டோம். அவை எவ்வாறு செய்யப்பட்டன என்னும் வினாவை எழுப்பினால் என்ன கிட்டும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. எடுத்துக்கொண்ட சான்று, வெளிப்புறத்தில் செங்குத்தான மேடுகள் வரிசையாக அமைந்த வரிமேட்டுக் கிண்ணம் ஆகும்.

சூளையில் உருப்பெறும் கண்ணாடி

கண்ணாடி என்றதும் ஊதுகுழல் நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும், ஊதும் கலை கண்ணாடியின் வரலாற்றில் பிற்பட்டதே. மெசபொத்தேமியாவிலும் எகிப்திலும் கி.மு. 2ஆம் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதியிலேயே கண்ணாடிக் கலங்கள் செய்யப்பட்டன. கண்ணாடி ஊதப்பட்டமைக்கான தொடக்ககாலத் தடயங்களோ எருசலேமில் கி.மு. 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்த கழிவுக் குவியலில்தான் கிடைத்துள்ளன. இடைப்பட்ட ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளில் கண்ணாடியைக் களிமண் கருவின்மேல் சுற்றியும், அச்சில் வார்த்தும், சூளையின் வெப்பத்தில் உருகி இணையச் செய்தும், தளர்ந்து சரியச் செய்தும் உருவமைத்தனர்.

சூளைமுறையின் அடிப்படை எளியது. தட்டையான கண்ணாடியை ஓர் உருக்கட்டையின் மேல் வைத்துச் சூடேற்றினால், ஏறத்தாழ 650 முதல் 700 பாகை செல்சியசில் அது தளர்ந்து, தன் எடையாலேயே சரிந்து அக்கட்டையின் வடிவத்தைப் பெறும். 800 பாகையை ஒட்டிய வெப்பத்தில் தனித்தனித் துண்டுகள் உருகி ஒன்றாகிவிடும். பின்னர் 500 பாகை அளவில் நிறுத்தி மெல்லக் குளிர்விக்க வேண்டும். இல்லையேல் உள்ளிறுக்கத்தால் கலம் வெடிக்கும். இம்முறையில் இரண்டு உண்மைகள் வரலாற்றாசிரியருக்குப் பயன் தருவன. முதலாவது, உருக்கட்டையைத் தொட்ட பக்கம் மங்கிச் சொரசொரப்பாகும். இரண்டாவது, எதையும் தொடாமல் வெப்பத்தை மட்டும் பெற்ற பக்கம் பளபளப்பாகும். வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டிருந்தபோது, கண்ணாடிக் கலைப் பட்டறை ஒன்றில் சூளை திறக்கப்படுவதைக் காணும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. அங்கிருந்த கலைஞர் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் அதன் வடிவத்தை நோக்கவில்லை. அடிப்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார். அருங்காட்சியகத்தில் நாம் செய்யத் தவறுவது அதுவே எனத் தோன்றியது.

பெயர் தந்த மயக்கம்

கி.மு. 1ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் கி.பி. 1ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பெருவழக்கில் இருந்த வரிமேட்டுக் கிண்ணத்தை ஆங்கில நூல்கள் நெடுங்காலம் ‘தூண் அச்சுக் கிண்ணம்’ என்னும் பொருள்படும் பெயரால் வழங்கின. மேடுகள் யாவும் அச்சில் வார்க்கப்பட்டவை என்னும் கருத்தை இப்பெயரே விதைத்துவிட்டது. கிண்ணத்தின் மேற்பரப்போ வேறொன்றைக் கூறுகிறது. மேடுகளுக்கு இடைப்பட்ட தொலைவு சீராக இல்லை; ஒன்று தடித்தும் மற்றொன்று மெலிந்தும் காணப்படும். மேட்டின் தலைப்பகுதியில் கருவி அழுந்திய வடு சில கிண்ணங்களில் தெரிகிறது. வெளிப்புறம் நெருப்பின் பளபளப்போடும், உட்புறம் சாணை பிடித்த வட்டக் கீறல்களோடும் விளங்குகின்றன. மூடிய அச்சில் வார்த்திருந்தால் மேடுகள் ஒத்த அளவினவாக அமைந்து, வெளிப்புறமும் மங்கியிருக்க வேண்டும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த மார்க் டெய்லர், டேவிட் ஹில் ஆகிய கண்ணாடிக் கலைஞர்கள் இச்சிக்கலைச் செய்முறையால் அணுகினர். உருகிய கண்ணாடியைத் தட்டையான வட்டாக ஊற்றி, அது இளகியிருக்கும்போதே கருவியால் அழுத்தி மேடுகளை எழுப்பி, பின் குவிந்த உருக்கட்டையின் மேல் சூளையில் சரியவிட்டபோது, பழங்கிண்ணங்களை ஒத்த வடிவம் கிடைத்தது. உருக்கட்டையைத் தொட்ட உட்புறம் சொரசொரப்பானமையால் அதனைச் சாணை பிடிக்க வேண்டியதாயிற்று. வேறு விளக்கங்களை முன்வைக்கும் அறிஞர்களும் உளர். எனினும், மேடுகள் கைக்கருவியின் விளைவே என்னும் கருத்து இன்று வலுவாக நிற்கிறது. ஒவ்வொரு மேட்டின் பின்னும், கண்ணாடி இறுகுவதற்கு முன் விரைந்து இயங்கிய ஒரு கை இருந்தது என்பதே இதன் பொருள்.

அணிசெய்யும் முறைகளும் அன்று பலவாக இருந்தன. பல நிறக் கண்ணாடிக் கோல்களைச் சேர்த்து இழுத்து, குறுக்கே சீவி, அவ்வில்லைகளை வட்டமாக அடுக்கிச் சூளையில் இணைத்தால் பூவேலைப்பாடுள்ள தகடு கிடைக்கும். அதனைச் சரியவிட்டால் கிண்ணமாகும். விளிம்பில் முறுக்கிய நிறக்கோல் ஒன்றைச் சுற்றுவதும் உண்டு. நிறங்கள் பல இணையும்போது அவை ஒரே அளவில் விரிந்து சுருங்க வேண்டும்; இல்லையேல் இணைப்பில் விரிசல் காணும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் ஆன்றி குரோ கண்ணாடித் தூளை அச்சிலிட்டுச் சுடும் முறைக்குப் புத்துயிர் அளித்தார். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிளாவுஸ் மோயே வண்ணப் பட்டைகளை இணைக்கும் கலையை வளர்த்தார். அமெரிக்காவின் போர்ட்லந்தில் 1974இல் தொடங்கப்பட்ட புல்ஸ்ஐ நிறுவனம், ஒத்து விரியும் நிறக் கண்ணாடித் தகடுகளை உருவாக்கிய பின்னரே இக்கலை பரவலாயிற்று. இன்றைய கலைஞர் அளந்து பெறும் இப்பொருத்தத்தைப் பண்டைய வினைஞர் பட்டறிவால் பெற்றனர் எனலாம்.

அரிக்கமேட்டின் சொந்தக் கண்ணாடி

அரிக்கமேடு கண்ணாடியை இறக்குமதி செய்த இடம் மட்டுமன்று. கண்ணாடி மணிகளை உருவாக்கிய இடமும் ஆகும். கி.பி. 1ஆம் நூற்றாண்டைச் சார்ந்த ‘எரித்ரேயக் கடற்பயண நூல்’ முசிறியில் இறங்கிய பொருள்களுள் பதப்படுத்தாத கண்ணாடியையும் குறிப்பிடுகிறது. கலங்களாக மட்டுமன்றி, மூலப்பொருளாகவும் கண்ணாடி வந்ததென்றால் அதனை உருக்கி வேலை செய்யும் கைகள் இங்கு இருந்திருக்க வேண்டும்.

அக்கைகளின் தொழில்நுட்பம் வேறானது. பீட்டர் பிரான்சிஸ் என்னும் மணி ஆய்வாளர் ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் பதிவு செய்த மரபு அதற்கு விளக்கம் தருகிறது. ‘லாடா’ எனப்படும் இரும்புக் குழலின் முனையில் கண்ணாடியைக் கூம்பாகத் திரட்டி, நடுவே துளை அமையச் செய்து, உலையிலிருந்து நீண்ட குழலாக இழுப்பர். குழலைச் சிறு துண்டுகளாக நறுக்கியபின் விளிம்புகள் கூர்மையாக இருக்கும். துண்டுகளைச் சாம்பலோடு கலந்து கலத்திலிட்டு மீண்டும் சூடேற்றினால் விளிம்பு மழுங்கி மணி உருளும். துளை அடைபடாமலும் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் சாம்பல் காக்கிறது. சூளைக் கலைஞர் உருக்கட்டையில் பூசும் பிரிப்புப் பூச்சின் பணியும் இதுவே. மத்தியதரைக் கடற்கரையின் கிண்ணமும் சோழமண்டலக் கரையின் மணியும் வெவ்வேறு கருவிகளால் உருவானவை. எனினும் சூட்டின் இறுதிப் படியில் இரு தொழிலாளரும் எதிர்கொண்ட சிக்கல் ஒன்றே.

மலாயாவில் கிடைத்த மணிகள்

இவ்வாய்வு மலேசியத் தமிழருக்கு நெருக்கமானதாவது இவ்விடத்தில்தான். இழுத்துச் செய்த இவ்வகை மணிகள் பேராவின் கோலா செலின்சிங்கிலும் கெடாவின் சுங்கை மாசிலும் கிடைத்துள்ளன. அரிக்கமேட்டு மணித் தொழிலாளர் இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குளோங் தோம், வியட்நாமின் ஓக் இயோ எனப் பரவி, இறுதியில் மலாயாவுக்கும் வந்தனர் என்பது பிரான்சிசின் கருதுகோள். தமிழர் பெருமையைப் பேசும் மேடைகளிலும் பாடங்களிலும் இக்கருத்து ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாகவே இடம்பெற்றுவிட்டது.

ஆயினும், லோர் துசுபியூ முதலியோர் மேற்கொண்ட வேதியியல் பகுப்பாய்வுகள் இம்மணிகள் யாவும் ஒரே மூலக் கண்ணாடியால் ஆனவை அல்ல என்பதைக் காட்டியுள்ளன. தோற்றத்தில் ஒன்றான மணிகள் கலவையில் பல குழுக்களாகப் பிரிகின்றன. காலமும் இடமும் வேறுபடுகின்றன. எனவே, தொழிலாளர் இடம்பெயர்ந்தனரா, மூலக் கண்ணாடி மட்டும் பயணம் செய்ததா, கைத்திறன் பிறரால் கற்றுக்கொள்ளப்பட்டதா என்னும் மூன்று வினாக்களையும் தனித்தனியே ஆராய வேண்டியுள்ளது. மூலப்பொருளை வேதியியல் கூறும். கைத்திறனைக் கருவித் தடமே கூறும். துளைக்கு இணையாக நீண்டிருக்கும் காற்றுக் குமிழிகள் மணி இழுக்கப்பட்டதைக் காட்டும். துளையைச் சுற்றி அமைந்த குமிழிகள் அது கம்பியில் சுற்றப்பட்டதைக் காட்டும். மழுங்காத விளிம்பு, ஒட்டிக்கொண்ட மணிக்கொத்து ஆகியவை இறுதிச் சூட்டின் நிலையை உணர்த்தும். நிறைவுபெற்ற மணிகளைவிடக் கழிவுகளே பட்டறை இருந்த இடத்துக்கு உறுதியான சான்றாவதும் இதனால்தான்.

முடிவுரை

வரிமேட்டுக் கிண்ணத்தை ‘அச்சில் வார்த்தது’ எனப் பெயரிட்டு அறிஞர் உலகம் நெடுங்காலம் பிழையாக வாசித்தது. மலாயாவில் கிடைத்த மணிகளை ‘தமிழர் கொண்டுவந்தவை’ என ஒரே தொடரில் முடித்துக்கொள்வதும் அத்தகைய பிழையாகிவிடக்கூடும். தமிழகத்தின் பங்கை இக்கூற்று குறைப்பதாகாது. லாடாவின் நுட்பம் தென்னிந்தியாவில் ஓங்கி வளர்ந்தமைக்கு அரிக்கமேடே சான்று. அந்நுட்பம் கடல் கடந்த வழியை உறுதிசெய்யும் பணிதான் எஞ்சியுள்ளது.

பள்ளிகளில் வரலாற்றையும் இலக்கியத்தையும் கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும்போது, ‘இது எந்த நாட்டுப் பொருள்?’ என்று வினவுவதோடு நில்லாமல், ‘எந்தப் பக்கம் பளபளக்கிறது? எந்தப் பக்கம் மங்கியிருக்கிறது? ஏன்?’ எனவும் வினவலாம். பெயர் எழுதி வைக்காத வினைஞர்களை மாணவர்கள் அறிந்துகொள்ள அவ்வினாக்களே வழிகாட்டும்.