அணாவும் சதமும்

அந்தக் காலத்தில் தனுஷ்கோடியில் கப்பலேறி இலங்கையின் தலைமன்னாரில் இறங்கினால் ரூபாய் மாறாது, சில்லறைதான் மாறும். அங்கே 1872 முதலே ரூபாய்க்கு 100 சதம். இங்கே 1957 வரை 16 அணா. நாலணாவுக்கு 25 சதம், எட்டணாவுக்கு 50 என்று கணக்கு சுத்தமாகப் போகும். ஓரணா என்றால் ஆறேகால் சதம், அந்தக் காலை யார் தலையில் கட்டுவது? கொழும்பு செட்டியார் தெருவில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த எங்கள் ஐயா, மிச்சமிருக்கும் அணாக்களுக்கு தனுஷ்கோடியிலேயே வெற்றிலை வாங்கித் தீர்த்துவிடுவாராம்.

அந்தப் பாதை 1914இல் வந்தது. பாம்பன் பாலம் திறந்ததும், தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிய காலம் போய், எழும்பூரிலிருந்து போட் மெயில் ரயில் தனுஷ்கோடிக்கே ஓடியது. மீட்டர் கேஜில் வந்து, இருபது மைல் சொச்சம் கடலைக் கடந்து, அக்கரையில் அகலப் பாதை ரயிலில் கொழும்புக் கோட்டைக்குப் போகலாம். ஐயாவின் ட்ரங்குப் பெட்டியில் நாலு வேட்டி, அப்பத்தா சுட்டுக் கொடுத்த தேன்குழல், மாவுருண்டை. பாஸ்போர்ட் என்ற பேச்சே கிடையாது.

தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு அப்படி இல்லை. அவர்கள் கழுத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டு தொங்கும். வழிச்செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறி, பிறகு அவர்கள் தலையிலேயே கடனாக விடியும். காலராவுக்கும் பிளேக்குக்கும் பயந்து, மண்டபத்தில் இலங்கை அரசே ஒரு முகாம் நடத்தியது. இந்திய மண்ணில் இன்னொரு நாட்டின் வாசல்! அங்கே நாள்கணக்கில் அடைத்துவைத்து, அம்மை குத்தித்தான் கப்பலேற்றுவார்கள். கப்பல் ஒன்றுதான். ஆனால் ஐயாவிடம் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள்; இவர்களிடம் உடம்பில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். எங்கள் வீட்டில் போட் மெயில் கதை சொல்லும்போது இந்தப் பாதியை யாரும் சொன்னதில்லை.

1949 நவம்பரில் இலங்கையின் குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் எங்கள் அப்பச்சியும் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் கொழும்புக் கடைக்குப் போக முடியவில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போயிற்று. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. 1966இல் இந்தியா நாணய மதிப்பைக் குறைக்க, ரூபாய்க்கு ரூபாய் என்ற கணக்கும் முடிந்தது.

புயலுக்கு இரண்டு மாதம் முன்புதான் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அதன்படி தகரச் சீட்டோடு போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்திய பாஸ்போர்ட்டோடு ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களில் பலர் அதுவரை இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அவர்களையும் முதலில் தங்கவைத்தது மண்டபம் முகாமில்தான்.