அயல்நாட்டுச் சிறைவாசிகளுக்கு அரசு உதவி

வேற்று நாட்டில் பொய்வழக்கிலோ முறையற்ற விசாரணையிலோ சிறைப்பட்ட தன் குடிமக்களுக்கு ஓர் அரசு செய்யும் தூதரக, சட்ட, பண உதவி. இக்கட்டுரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தை முன்வைத்து இதன் வரலாற்றைக் கூறுகிறது. 1985இல் விருதுநகர் தனி மாவட்டமாகும்வரை சிவகாசியும் இராமேசுவரமும் ஒரே ஆட்சியரின் கீழ்தான் இருந்தன.

ஆள்சேர்க்கும் கங்காணிகளின் பின்னே மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளுக்கு, சொல்லாமல் வேலையை விட்டுப் போவதே அன்று குற்றம். அதற்குச் சிறையும் உண்டு. பட்ட கடனைக் குறித்துத் தோட்டத் துரை தரும் ‘துண்டு’ கையில் இல்லாமல் அடுத்த தோட்டத்தில் சேர முடியாது. 1920களின் தொடக்கத்தில் துண்டுமுறை ஒழிந்தது. 1922ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தையொட்டி இலங்கைக்கும் மலாயாவுக்கும் இந்திய அரசின் ஏஜெண்டுகள் அனுப்பப்பட்டனர். ஏஜெண்டு குறை கேட்பார், அறிக்கை எழுதுவார். அதற்கு மேல் அவர் கையில் எதுவும் இல்லை.

விடுதலை பெற்ற இந்தியாவுக்கு முதல் சோதனை மலாயாவில் வந்தது. தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டைக்காரரான தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி, 1949 மார்ச்சில் கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார். கண்டெடுத்ததைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போனதாக அவர் சொன்னது எடுபடவில்லை. அங்கே பிரிட்டிஷ் ஆட்சி பிறப்பித்த நெருக்கடிக் காலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. நேரு அரசு கருணை கேட்டும் மே 4இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதே காலத்தில் மரண தண்டனை பெற்ற இன்னொரு தமிழரான சாம்பசிவத்தின் மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. தோட்டா வைத்திருந்த குற்றச்சாட்டில் அவர் ஏற்கெனவே விடுவிக்கப்பட்டவர். அந்தத் தீர்ப்பை மதிக்காமல் துப்பாக்கி வழக்கில் தண்டித்தது செல்லாது என்று 1950இல் கவுன்சில் கூறியது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது. குற்றத் தீர்ப்பே ரத்தானவர் என்பதால் இந்த வரலாற்றில் சாம்பசிவம் அரிதானவர்.

கைதான அயல்நாட்டவர் தம் தூதரகத்தை அணுகும் உரிமை 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவில் வந்தது. இந்தியா 1977இல் அதில் இணைந்தது. 2009இல் இந்தியச் சமூக நல நிதி தொடங்கப்பட்டது. வக்கீல் கட்டணம், சிறு குற்ற அபராதம், விமானச் சீட்டு ஆகியவற்றுக்குத் தூதரகங்கள் இதிலிருந்து செலவிடுகின்றன. 2003ஆம் ஆண்டின் கைதிகள் தாயகம் திரும்பும் சட்டத்தையும் பலர் இதனோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் அது எஞ்சிய தண்டனையை இங்கே கழிப்பதற்கு மட்டுமே. நிரபராதிக்கு அதனால் நியாயம் கிடைக்காது.

2011 நவம்பரில் இராமேசுவரம் தீவின் மீனவர் ஐவர், ஹெராயின் கடத்தியதாக இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டனர். குடும்பங்கள் அதை அடியோடு மறுத்தன. 2014 அக்டோபர் 30இல் கொழும்பு உயர் நீதிமன்றம் ஐவருக்கும், உடன் பிடிபட்ட இலங்கையர் மூவருக்கும் மரண தண்டனை விதித்தது. இராமேசுவரம் கொதித்தது. இந்தியத் தூதரகம் மேல்முறையீடு செய்தது. பிரதமர் மோடி அதிபர் ராஜபக்சவுடன் பேசினார். மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்ற பின், தண்டனை விதித்து மூன்று வாரம் ஆவதற்குள் ஐவரும் மன்னிப்பில் விடுதலையாயினர். உயிர் தப்பியது பெரிது. அவர்கள் குற்றமற்றவர்களா என்று மேல் நீதிமன்றம் சொல்லும் வாய்ப்பு அதோடு போயிற்று.

விருதுநகருக்குக் கடற்கரை கிடையாது. இங்கிருந்து விமானம் ஏறுபவர்களுக்கு வரும் ஆபத்து வேறு மாதிரி: ‘ஓடிப்போனான்’ என்று வளைகுடா நாட்டு வேலைப் பொறுப்பாளரான கபீல் கொடுக்கும் புகார், காலாவதியான விசா, ஏஜெண்டு தந்த போலி வேலை. 2022இல் மியான்மர் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் மத்திய, மாநில அரசுகளின் முயற்சியால் அந்த அக்டோபரில் ஊர் திரும்பினர். குடும்பத்தார் வழக்கமாகச் செல்வது திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு. பாஸ்போர்ட் நகலோடு ஆட்சியரிடம் தரும் மனு, சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நல ஆணையரகம் வழியாக வெளியுறவு அமைச்சகத்தையும் அங்கிருந்து தூதரகத்தையும் அடைகிறது. 2015இல் தொடங்கிய ‘மதத்’ இணையதளத்தில் நேரடியாகவும் பதியலாம்.

மனு நகர்வதற்குள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வியன்னா உடன்படிக்கைப்படி, கைதானவர் கேட்டால்தான் அந்நாட்டுக் காவல்துறை தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கடமைப்பட்டது. ஆகவே சிறையிலிருந்து முதல் அழைப்பு வரும்போதே, தூதரக அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.