முற்றுகையும் பட்டினியும்: போர்ச் சட்டத்தில் பொதுமக்கள் பாதுகாப்பு வளர்ந்த வரலாறு

முன்னுரை

ஓர் ஊரை வளைத்து, உள்ளே இருக்கும் மக்களைப் பட்டினி போட்டுப் பணியவைப்பது இன்று போர்க்குற்றம். முக்கால் நூற்றாண்டுக்கு முன் அது சட்டம் அனுமதித்த போர்முறை. இம்மாற்றம் எந்தெந்தப் படிகளில் நிகழ்ந்தது, ஒவ்வொரு படியிலும் எது விடுபட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பசிக்கு எதிரான பாதுகாப்பு சட்டத்தில் மிகத் தாமதமாக நுழைந்தது. நுழைந்த பிறகும் போரிடும் தரப்புகளின் இசைவை நம்பியே நிற்கிறது என்பது இதன் வாதம்.

லீபர் விதிகளும் ஹேக் விதிகளும்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 ஏப்ரலில், அதிபர் லிங்கன் ஒன்றியப் படைகளுக்கான நடத்தை விதிகளைப் பிறப்பித்தார். அவற்றை வகுத்தவர் பிரான்சிஸ் லீபர் என்ற சட்ட அறிஞர். ஆயுதம் ஏந்தாத குடிமகனின் உயிரும் உடைமையும் மானமும் போரின் தேவை இடங்கொடுக்கும் அளவுக்குக் காக்கப்பட வேண்டும் என்று 22ஆம் விதி கூறியது. ஆனால் எதிரி விரைவில் பணிவதற்காக, ஆயுதம் ஏந்தியவர், ஏந்தாதவர் இருவரையுமே பட்டினி போடலாம் என்றது 17ஆம் விதி. உணவைச் சேமிக்க வேண்டிக் கோட்டைக்குள்ளிருந்து வெளியேற்றப்படும் மக்களை மீண்டும் உள்ளே விரட்டலாம் என்றது 18ஆம் விதி. பொதுமக்களைப் போராளியிடமிருந்து பிரித்துக் காட்டிய அதே ஆவணம் பசி என்று வரும்போது இருவரையும் ஒன்றாக்கியது.

1899, 1907ஆம் ஆண்டுகளின் ஹேக் விதிகளும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. தற்காப்பில்லாத ஊர்களைத் தாக்குவதை அவை தடுத்தன. முற்றுகையின்போது மருத்துவமனைகளையும் வழிபாட்டிடங்களையும் இயன்றவரை காக்கச் சொன்னன. முற்றுகைக்குள் இருப்பவர் உண்ண வேண்டியது பற்றி ஒரு சொல்லும் இல்லை. எதிரியின் கையில் சிக்கும் பொதுமக்களுக்காகச் செஞ்சிலுவை இயக்கம் 1934இல் டோக்கியோவில் ஏற்ற வரைவும், உலகப் போர் மூண்டதால் உடன்படிக்கையாக மாறாமலே நின்றுபோயிற்று.

லெனின்கிராட்டும் 1948 தீர்ப்பும்

அந்த மௌனத்தின் விலை லெனின்கிராட்டில் தெரிந்தது. 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை நீடித்த 872 நாள் முற்றுகையில் லட்சக்கணக்கான பொதுமக்கள் மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றது பசி. 1941 இறுதியில் வேலைக்குப் போகாதவர்களுக்கும் சிறுவர்களுக்கும் ஒரு நாளைக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டி.

முற்றுகையைத் தொடங்கிய ஜெர்மானிய வடக்குப் படைப்பிரிவின் தளபதி வில்ஹெல்ம் ஃபான் லீப், நூரெம்பர்க்கில் அமெரிக்க ராணுவத் தீர்ப்பாயத்தின் முன் நிறுத்தப்பட்டார். நகரிலிருந்து தப்பி வரும் பொதுமக்கள் மீது பீரங்கியால் சுட்டு அவர்களைத் திருப்பி அனுப்பும் உத்தரவு அவர்மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. சட்டம் வேறாக இருந்திருக்கலாம் என்று வருந்திய நீதிபதிகள், இருக்கும் சட்டப்படி அது குற்றமாகாது என்று 1948 அக்டோபரில் தீர்ப்பளித்தனர். வேறொரு குற்றச்சாட்டில்தான் அவருக்கு மூன்று ஆண்டுச் சிறை கிடைத்தது. லீபரின் 18ஆம் விதியில் இருந்த தர்க்கம் 85 ஆண்டு கடந்தும் உயிரோடிருந்ததை இத்தீர்ப்பு வெட்டவெளிச்சமாக்கியது.

1949: சிலருக்கு மட்டும் உணவு

அடுத்த ஆண்டே, 1949 ஆகஸ்ட் 12 அன்று, பொதுமக்களுக்கென்றே நான்காம் ஜெனிவா உடன்படிக்கை உருவானது. அதன் 23ஆம் பிரிவு மருந்துகளை எல்லாப் பொதுமக்களுக்கும் அனுமதித்தது. உணவையோ 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், பிரசவித்த தாய்மார் ஆகியோருக்கு மட்டுமே அனுமதித்தது. அதுவும் எதிரிக்கு ராணுவ ஆதாயம் கிடைக்கும் என்ற அச்சம் இல்லாதபோதுதான். முதியவர்களையும் நோயாளிகளையும் முற்றுகையிலிருந்து வெளியேற்றுவதற்கு 17ஆம் பிரிவு வழிசெய்தாலும், அதையும் இருதரப்பு உடன்பாட்டுக்கே விட்டுவிட்டது.

பியாஃப்ராவும் 1977 நெறிமுறைகளும்

1967 முதல் 1970 வரை நடந்த நைஜீரிய உள்நாட்டுப் போரில், முற்றுகைக்குள் சிக்கிய பியாஃப்ராவின் எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்கள் உலகத்தை உலுக்கின. பட்டினியும் ஒரு நியாயமான போர்க்கருவியே என்று நைஜீரிய அரசின் பொறுப்பாளர்கள் வெளிப்படையாகவே வாதிட்டனர். அவ்வாறு வாதிட அன்றைய சட்டம் இடம் தந்தது.

1974இல் ஜெனிவாவில் கூடிய மாநாடு 1977 ஜூன் 8 அன்று இரண்டு கூடுதல் நெறிமுறைகளை ஏற்றது. பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கையாளக் கூடாது என்று முதல் நெறிமுறையின் 54ஆம் பிரிவு தடைவிதித்தது. பயிர், கால்நடை, குடிநீர் நிலைகள், பாசன அமைப்புகள் ஆகியவற்றை மக்களுக்குக் கிடைக்காமல் செய்யும் நோக்கில் அழிப்பதையும் அது தடுத்தது. இரண்டாம் நெறிமுறையின் 14ஆம் பிரிவு இத்தடையை உள்நாட்டுப் போர்களுக்கும் விரித்தது. கர்ப்பிணி, குழந்தை என்ற வகைப்பாடு நீங்கி, பாதுகாப்பு முழு மக்கள்தொகைக்கும் உரியதானது இங்கேதான்.

தடையிலிருந்து தண்டனைக்கு

1998இன் ரோம் சட்டம் பட்டினியைப் போர்க்குற்றமாக்கியது. ஆனால் நாடுகளுக்கிடையிலான போரில் மட்டும். உள்நாட்டுப் போருக்கும் அதை விரிக்கும் திருத்தம் 2019 டிசம்பரில்தான் வந்தது. அதுவும் தன்னைத் தனியாக ஏற்கும் நாடுகளையே கட்டுப்படுத்தும். இடைப்பட்ட காலத்தில் சிரியாவின் மதாயாவும் கிழக்கு கூத்தாவும் முற்றுகையில் வாடின. பட்டினியைக் கண்டிக்கும் 2417ஆம் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2018 மே மாதம் ஒருமனதாக நிறைவேற்றியது. 2024 நவம்பரில் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம், காஸா தொடர்பாக இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகு, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் காலன்ட் ஆகியோருக்கு எதிராகப் பிறப்பித்த பிடியாணைகளில் பட்டினியைப் போர்முறையாகக் கையாண்ட குற்றச்சாட்டும் இடம்பெற்றது.

தெற்காசியாவின் இரு நாடுகளின் நிலை வேறு. இந்தியாவும் இலங்கையும் நான்கு ஜெனிவா உடன்படிக்கைகளையும் ஏற்றவை. 1977 நெறிமுறைகளிலோ ரோம் சட்டத்திலோ இணையாதவை. இலங்கை உள்நாட்டுப் போரில் வன்னியில் உணவும் மருந்தும் கட்டுப்படுத்தப்பட்ட விதம், நீதிமன்றத்தில் நிறுவப்பட்டால், பட்டினியைப் போர்முறையாகக் கையாண்டதாக அமையலாம் என்று 2015இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் விசாரணை அறிக்கை கூறியது. மக்களை வெளியேறவிடாமல் விடுதலைப் புலிகள் தடுத்ததையும் அவ்வறிக்கை பதிவுசெய்தது. இன்றுவரை அதை விசாரித்து முடிவு சொல்ல ஒரு நீதிமன்றம் அமையவில்லை.

முடிவுரை

பசிக்கு எதிரான ஒவ்வொரு விதியும் ஒரு பேரழிவுக்குப் பின்னரே எழுதப்பட்டது என்பதையும், எழுதிய கையே ஒரு விலக்கையும் விட்டுவைத்தது என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது. இன்று எஞ்சியுள்ள விலக்குகள் இரண்டு. நிவாரணம் உள்ளே போக, தடுப்பவரின் இசைவே இன்னும் தேவைப்படுகிறது. பட்டினியை வேண்டுமென்றே கையாண்டார்கள் என்று மெய்ப்பிக்கும் சுமை வழக்குத் தொடுப்பவர்மேல் விழுகிறது. உணவு வண்டியை மறித்தவர் மறித்ததற்குக் காரணம் காட்டியாக வேண்டும் என்று சட்டம் திரும்பினால்தான் இத்தடை முழுமை பெறும். அந்தத் திருப்பத்தைக் கோரும் தகுதி 1977 நெறிமுறைகளில் இணையும் நாடுகளுக்கே உண்டு. அவற்றில் இணைவதை இந்தியாவும் இலங்கையும் இனியும் தள்ளிப்போடுவதற்கு நியாயமில்லை.