கல் விழுந்த வாசல்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. வில்லனை அவனே நியமித்துக்கொள்ளலாம். சரித்திரத்தில் அது நடக்காது. 1896-ஆம் வருஷத்துப் பம்பாயைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், யார் பக்கம் நிற்பது என்று நான் திகைத்துப் போகிறேன்.

அவ்வருஷம் செப்டம்பரில், மாண்ட்வி பகுதியில் பிளேக் வந்துவிட்டதை டாக்டர் அகாசியோ வியேகாஸ் கண்டு சொன்னார். அக்டோபர் 6-ஆம் தேதி முனிசிபல் கமிஷனர் ஸ்நோ ஓர் உத்தரவு போட்டார். நோயாளி சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்பது அதன் சாரம்.

பிளேக்குக்கு அன்று மருந்து கிடையாது. ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரிக்குள் போனவன் பிணமாக வந்தால், வெளியே நிற்கும் உறவினர் என்ன நினைப்பார்கள்? உள்ளே ஆளைக் கொன்று உடம்பிலிருந்து தைலம் எடுக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பிற்று. அக்டோபர் 29-ஆம் தேதி சுமார் ஆயிரம் மில் தொழிலாளிகள் அந்த ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள்.

உத்தரவு போட்டவர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதில்லை. கல் விழுவதோ வாசலில்தான்.

பிறகு ஸ்நோ உத்தரவைத் தளர்த்தினார். கலகத்தைவிட அவரை அதிகம் கலக்கியது வேறொன்று: துப்புரவுத் தொழிலாளிகள் பயந்து ஊரைவிட்டே போய்விட்டால்? மலம் அள்ள ஆளில்லாத பம்பாயில் எவன் குடியிருப்பான்? சாதாரண நாளில் யாரும் ஏறிட்டுப் பாராத அந்த மனிதர்கள், நகரத்தையே தாங்கி நின்றார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. அதன்படி வேலை செய்தவர்களை வழக்கிலிருந்து அது காத்தது. கல்லிலிருந்து காக்கவில்லை. 1898 மார்ச்சில், வீடு வீடாக நோயாளிகளைத் தேடப் போனவர்களை எதிர்த்துப் பம்பாயில் மறுபடியும் கலகம்.

இதெல்லாம் பாமர ஜனங்களின் பழங்கதை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் 2020 ஏப்ரல் 19-ஆம் தேதி, நம் சென்னையில், கொரோனாவில் மாண்ட ஒரு டாக்டரின் உடலை ஏற்றிச் சென்ற ஆம்புலன்ஸைக் கூட்டம் அடித்து நொறுக்கியது. நள்ளிரவில் சக டாக்டர் ஒருவர் மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டியதாயிற்று. மூன்றே நாளில், அதே 1897 சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் பிறந்தது: மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஐந்து ஆண்டு வரை சிறை, பலத்த காயமானால் ஏழு ஆண்டு வரை.

வேண்டிய சட்டம்தான். 123 வருஷம் தாமதித்து வந்த சட்டம். ஆனால் அது, கல்லை எடுத்த பிறகு கையைப் பிடிக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே நிற்கிறவனுக்கு உட்கார்ந்து சொல்ல ஓர் ஆளை எந்தச் சட்டமும் நியமிக்கவில்லை. அந்த ஆள் இல்லாத இடத்தில்தான் வதந்தி நாற்காலி போட்டு உட்காருகிறது.