மக்தா நாக்மன்: பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பம்பாய்க்கு

மக்தா நாக்மன் 1889 ஜூலை 20 அன்று, ரஷ்யத் தலைநகராக இருந்த பீட்டர்ஸ்பர்க்கை அடுத்த பாவ்லொவ்ஸ்க் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ரிகா நகரிலிருந்து வந்த யூதர். தாய் பால்டிக் பகுதியின் ஜெர்மானிய லூத்தரன் குடும்பத்தவர். பிள்ளைகள் லூத்தரன் கிறிஸ்தவர்களாகவே வளர்ந்தார்கள். ரஷ்ய மொழியும் ஜெர்மன் மொழியும் வீட்டிலேயே கிடைத்தன. பின்னாளில் நாடு விட்டு நாடு போய்ப் பிழைக்க அந்த ஜெர்மன் மொழி உதவியது. தந்தையின் யூதப் பிறப்போ ஒரு நாட்டைவிட்டே வெளியேற வைத்தது.

அவருடைய ஓவியப் படிப்பு ஸ்வாந்த்செவா பள்ளியில் நடந்தது. எலிசவெத்தா ஸ்வாந்த்செவா 1906இல் தலைநகரில் தொடங்கிய தனியார் பள்ளி அது. அரசுக் கலைக்கழகத்தின் கெடுபிடி அங்கே கிடையாது. ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் ஒரே மாடலை வைத்து வரைந்தார்கள். வண்ணத்துக்கு லியோன் பாக்ஸ்டும் கோட்டோவியத்துக்கு தொபுஜின்ஸ்கியும் ஆசிரியர்கள். பள்ளி இருந்த கட்டடத்தின் மேல்மாடியில் கவிஞர் வியாசெஸ்லாவ் இவானொவ் நடத்திய இலக்கியக் கூட்டங்களுக்கு அந்தக் காலத்து ரஷ்யக் கவிஞர்கள் பெரும்பாலோர் வந்து போனார்கள். மார்க் ஷகாலும் சிறிது காலம் இதே பள்ளியில் படித்தவர்தான். 1910இல் பாக்ஸ்ட் பாரிஸுக்குப் போக, அந்த இடத்துக்குப் பெத்ரோவ்-வோத்கின் வந்தார். சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று அடிப்படை வண்ணங்களைக் கொண்டே ஓவியத்தைக் கட்டி எழுப்ப வேண்டும் என்பது அவருடைய பாடம். உருவத்தைச் சுருக்கி, பின்னணியைத் தட்டையாக்கி, முகத்தின் கட்டமைப்பை மட்டும் அழுத்திக் காட்டும் முறையை மக்தா பாக்ஸ்ட், பெத்ரோவ்-வோத்கின் இருவரிடமிருந்தும் கற்றார். கடைசிவரை அதைக் கைவிடவில்லை.

1913 கோடையில் பள்ளித் தோழி யூலியா ஒபலென்ஸ்கயாவுடன் கிரிமியாவின் கொக்தெபெலுக்குப் போனார். கவிஞர் வொலோஷினின் வீடு அங்கே எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் திறந்து கிடந்தது. அந்த வீட்டில்தான் இருபது வயது நிரம்பிய கவிஞர் மரீனா ஸ்வெத்தாயெவாவை எதிரில் உட்காரவைத்து மக்தா ஓர் உருவப்படம் தீட்டினார். ஸ்வெத்தாயெவாவின் புகழ் வளர வளர அந்தப் படம் புத்தக அட்டைகளில் ஏறியது. வரைந்தவரின் பெயரைப் படிக்காமலே அந்த முகத்தை அறிந்தவர்கள் ஏராளம்.

1917 புரட்சியும் அதன் பின் வந்த உள்நாட்டுப் போரும் அந்த உலகத்தைக் கலைத்துப் போட்டன. நகரங்களில் உணவில்லை. மக்தா சிற்றூர்களில் எழுத்தர் வேலை பார்த்தார். கிராமத்து நாடகக் குழு ஒன்றுக்கு மேடைத் திரைகளும் உடைகளும் வரைந்து கொடுத்தார். வண்ணமும் கான்வாசும் கிடைக்காத அந்த ஆண்டுகளிலிருந்து எஞ்சிய வேலைகள் மிகக் குறைவு. பின்பு மாஸ்கோவுக்கு வந்தவர், 1921இல் சென்னைக்காரர் ஒருவரைச் சந்தித்தார்.

மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரி, சுருக்கமாக எம்.பி.டி. ஆச்சாரியா, 1887இல் சென்னையில் பிறந்தவர். மண்டயம் ஐயங்கார்கள் மைசூர் நாட்டுத் தமிழர்கள். மண்டியா, மேலுக்கோட்டை, மைசூர், பெங்களூர் என்று கன்னட மண்ணில் தலைமுறைகளாக வாழ்ந்தும் வீட்டில் தமிழை விடாதவர்கள். அவர்களில் ஒரு கிளை சென்னைத் திருவல்லிக்கேணியில் குடியேறியது. விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்பப் பணம் திரட்டிய அளசிங்கப் பெருமாள் அந்தக் குடியினர். பாரதி ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ வார இதழும் மண்டயம் குடும்பத்தாரின் முயற்சிதான். 1908இல் அரசின் அடக்குமுறை முற்றியபோது இதழ் புதுச்சேரிக்குப் போனது, அதனுடன் ஆச்சாரியாவும் போனார். அங்கிருந்து கொழும்பு வழியாக ஐரோப்பா. லண்டனில் சாவர்க்கர் வட்டம், பாரிஸ், பெர்லின், இஸ்தான்புல், நியூயார்க், முதல் உலகப் போரில் பெர்லின் இந்தியக் குழு, பிறகு மாஸ்கோவில் லெனினுடன் சந்திப்பு என்று ஒரு நாவலுக்குப் போதுமான அலைச்சல். 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் உருவான இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு அவரே தலைவர். கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவரான எம்.என். ராயுடன் முரண்பட்டதில் சில மாதங்களிலேயே வெளியேற்றப்பட்டார். அந்த நிலையில்தான் மாஸ்கோவில் மக்தாவை மணந்தார். 1922இன் இறுதியில் இருவரும் பெர்லினுக்குக் கிளம்பினார்கள். மக்தா அதன் பின் ரஷ்யாவைப் பார்க்கவே இல்லை.

பெர்லினில் ஆச்சாரியா அரசின்மைவாதியாக மாறி, ஓயாமல் கட்டுரை எழுதினார். அதில் வருமானம் அரிது. குடித்தனம் பெருமளவு மக்தாவின் தூரிகையை நம்பியே நடந்தது. புலம்பெயர்ந்த ரஷ்யர்களையும் பெர்லினில் தங்கியிருந்த இந்தியர்களையும் அவர் வரைந்தார். 1928இல் நடந்த அவருடைய கண்காட்சியைப் பற்றி ‘ரூல்’ என்ற ரஷ்ய நாளேட்டில் மதிப்புரை எழுதியவர், அப்போது சிரின் என்ற புனைபெயரில் எழுதிவந்த விளாதிமிர் நபொகொவ். 1933இல் நபொகொவையே மக்தா பாஸ்டலில் வரைந்தார். அந்தப் படத்தின் அசல் காணாமற் போய்விட்டது. அதே 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதத் தந்தையின் மகளும் இடதுசாரி இந்தியக் கணவரும் பெர்லினில் இனி இருக்க முடியாது. சூரிச்சில் இருந்த மக்தாவின் சகோதரியிடம் அடைக்கலம் தேடினார்கள். 1935இல் ஆச்சாரியாவும் 1936இல் மக்தாவும் பம்பாய் வந்து சேர்ந்தார்கள்.

அன்றைய பம்பாயில் ஓவியம் இரண்டு பாதைகளில் போய்க்கொண்டிருந்தது. ஒன்று ஜே.ஜே. கலைப்பள்ளி வளர்த்த ஐரோப்பியக் கல்விமுறை இயற்கைவாதம். மற்றொன்று புராணமும் அஜந்தாவும் கலந்த மறுமலர்ச்சிப் பாணி. இரண்டுக்கும் வெளியே நின்றவர்களுக்கு இடம் கிடைப்பது கடினம். 1937இல் பம்பாய்க் கலைச் சங்கம் ‘மூன்று பெண்கள்’ ஓவியத்துக்காக அம்ரிதா ஷெர்கிலுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது ஒரு திருப்பம்தான். அதே சங்கத்தின் கண்காட்சிகளில் மக்தாவின் படங்களும் தொங்கின. பாரிஸில் பயின்று வந்த ஷெர்கில் இந்தியப் பெண்ணின் சோகத்தைப் பெரிய கான்வாஸ்களில் தீட்டினார். மக்தா எடுத்துக்கொண்டது சிறிய அளவு: கூலிப் பெண், மீன்காரி, வேலைக்காரச் சிறுமி, கிழவர், நடனக்காரி. அனுதாபம் கேட்கும் பாவனையோ கீழைத்தேய அலங்காரமோ இல்லாமல், எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு தனி ஆளாக அவர்களைப் பார்த்தார். காலனி நாட்டில் வெள்ளைக்காரப் பெண் ஒருவர் வரைந்தவை என்பதை நினைவில் வைத்தால் இந்தப் பார்வையின் அருமை விளங்கும். வசதியானவர்கள் கேட்டு வரைவித்த உருவப்படங்கள் வேறு வகை. அவற்றுள் சில வெறும் பிழைப்புக்காக முடிக்கப்பட்டவை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நாஜிகளிடமிருந்து தப்பி வந்த வேறு சிலரும் பம்பாயில் இருந்தார்கள். வியன்னாவிலிருந்து வந்த ஓவியர் வால்டர் லாங்ஹாமர், டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் கலை இயக்குநர். ருடால்ஃப் வான் லேடன், விமர்சகர். எமானுவல் ஷ்லெசிங்கர், சேகரிப்பாளர். 1947இல் சூசா, ரசா, ஹுசைன், ஆரா, பாக்ரே, காடே ஆகியோர் அமைத்த முற்போக்குக் கலைஞர் குழுவுக்குத் தோள் கொடுத்தவர்கள் இந்த மூவர் என்று பல நூல்கள் சொல்கின்றன. மக்தா இதே வட்டத்தில் மூத்தவராக இருந்தவர். மூவரும் வருவதற்கு முன்பே பீட்டர்ஸ்பர்க்கின் நவீனத்துவத்தை அதன் மூலவர்களிடமே படித்து முடித்தவர். ஆனாலும் அவர் பெயர் அந்தப் பட்டியலில் வருவதில்லை. பம்பாயில் நடனப் பள்ளி நடத்திய வியன்னா நடனக் கலைஞர் ஹில்டே ஹோல்கருக்காக அவர் உடைகள் வடிவமைத்தார், ஆட்டக்காரர்களையும் வரைந்தார்.

1951 பிப்ரவரியில், சார்ல்ஸ் பெட்ராஸ் நடத்திய அயல்மொழி நிலையத்தில் மக்தாவின் தனிக் கண்காட்சிக்கு ஏற்பாடாகியிருந்தது. திறப்பு நாளான பிப்ரவரி 12 அன்று, திறப்புக்குச் சில மணி நேரம் முன்பு அவர் இறந்துபோனார். வயது 61. டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் அஞ்சலி எழுதிய வான் லேடன், உருவத்தில் சிறிய அந்தப் பெண்மணியைப் பம்பாய்க் கலை உலகின் பெரிய மனுஷி என்ற பொருளில் போற்றினார். வறுமையிலும் நோயிலும் தனித்திருந்த ஆச்சாரியா 1954 மார்ச் 20 அன்று பம்பாயில் காலமானார். குழந்தைகள் இல்லை. ஓவியங்களைக் கட்டிக்காக்க யாரும் இல்லாமல் அவை சிதறின.

மக்தா மறக்கப்பட்டதற்கு அவர் பெண் என்பது மட்டும் காரணமல்ல. ரஷ்யக் கலை வரலாறு அவரை 1922இல் நாடு விட்டுப் போனவராக முடித்துக்கொண்டது. ஜெர்மனியில் அவர் விருந்தாளி. இந்தியக் கலை வரலாற்றுக்கோ அவர் அந்நியர். எழுதப்பட்ட இடங்களிலும் ஸ்வெத்தாயெவாவை வரைந்தவர், நபொகொவுக்குத் தெரிந்தவர், ஆச்சாரியாவின் மனைவி என்று பிறரின் கதையில் ஒரு வரியாகவே வந்தார். 1995இல் சென்னையிலிருந்து சி.எஸ். சுப்பிரமணியம் வெளியிட்ட வாழ்க்கை வரலாறும் ஆச்சாரியாவைப் பற்றியதே. மக்தாவின் வாழ்வைப் பல நாடுகளின் ஆவணங்களிலிருந்து தேடித் தொகுத்த முதல் முழு நூலை லீனா பெர்ன்ஸ்டைன் 2020இல் வெளியிட்டார். இந்தியாவில் அவருடைய ஓவியங்கள் சில, ஹெர்மன் கோட்ஸ் இயக்குநராக இருந்து வளர்த்த பரோடா அருங்காட்சியகத்தில் உள்ளன. மற்றவை பெரும்பாலும் தனியார் வீடுகளில் இருக்கின்றன.